நெய் குடித்த காலைகள்

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். கட்டாரில் உன்னோடு ஒரே அறையில் இருக்கும் ஏறாவூர்ப் பிள்ளை லீவில் வந்தவன், போன கிழமை என்னையும் பார்க்க வந்தான். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தான். பிறகுதான் சொன்னான். "மாமி, அவரு வேலைக்குப் போறாரு, வாறாரு. வேற ஒண்டுமில்ல. ஆரோடயும் கதைக்கிறல்ல. சாப்பாட்டுல ஒரு துளி எண்ணெய் சேர்க்கிறல்ல. எல்லாத்தையும் தண்ணில அவிச்சு உப்புப் போட்டுத் தின்றாரு. நாங்க என்னத்தயும் பொரிக்கத் தொடங்கினா எழும்பி வெளிய பெய்த்திருவாரு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தான்.

அந்தப் பிள்ளை வருகிற வெள்ளிக்கிழமை திரும்பப் போகிறான். நீ என் போனை எடுப்பதில்லை. நான் பேசி அனுப்பியவற்றைக் கேட்டாயா என்றும் தெரியவில்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. நீ வாசிக்க மாட்டேன் என்றால் சத்தமாக வாசித்துக் காட்டு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அறையில் இருக்கிற மற்றவர்களும் கேட்கட்டும். உன் அப்பாவின் சாவைப் பற்றி நம் ஊர் வவுணதீவில் கதைக்காத வாய் இல்லை. யாருக்கும் முழுக்கதை தெரியாது. உனக்கும் பாதிதான் தெரியும்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கேட்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எருமை வளர்த்து, தயிர் போட்டு, நெய் உருக்கி வாழ்ந்த மனுஷன். வயல் வட்டைகளில் நெல் விதைத்துவிட்டால் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. எருமைப் பட்டியைச் சாய்த்துக்கொண்டு கரடியனாற்றுப் பக்கம் போய்விடுவார். நெல் வெட்டு முடிந்தால்தான் திரும்புவார். எங்களுக்குப் பிள்ளை நீ ஒருவன்தான். பட்டி உன் கைக்கு வரும் என்று அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அதைத் தவிர வேறொன்றையும் அவர் நினைத்ததில்லை. வெளிநாட்டுப் பயணம் சரிவந்த பிறகுதான் நீ அவரிடம் சொன்னாய். நீ புறப்பட்ட அன்று காலையில் மாடு தேடிப் போகிறேன் என்று கம்பை எடுத்துக்கொண்டு போனவர், வான் வந்து, நீ என் காலில் விழுந்து கும்பிட்டு, ஏறிப் போன பிறகும் வரவில்லை. பொழுது சாயும்போது வந்து, "போயிட்டானா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "எனக்குப் புள்ள இல்லையெண்டு நினைச்சுக்கிறன்" என்றார். அன்று அவர் சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகு நீ கிழமைக்கு ஒரு தரம் எனக்குத்தான் எடுப்பாய். "அப்பா எப்படி இரிக்காரு?" என்பாய். "நல்லா இரிக்காரு" என்பேன். அவர் அங்கேயே இருப்பார், சுவரோடு சாய்ந்து, காது முழுவதும் என் போனில். நான் போனை நீட்டினால் எழும்பிப் போய்விடுவார். போனை வைத்த பிறகு திரும்பி வந்து, "என்னவாம்?" என்பார். நீ சொன்னதை எல்லாம் நான் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு தரம் அவசரத்தில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன். "அவன் வேற என்னவோ சொல்லிச் சிரிச்சவன். அது என்ன?" என்று விடாமல் கேட்டார். வருஷக்கணக்காக இப்படித்தான் போனது. நீங்கள் இருவரும் என் வாயால்தான் பேசிக்கொண்டீர்கள்.

அந்தக் காலத்தில்தான் அவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிய வந்தது, பிறகு பிரஷர். கிளினிக்குக்குப் போய்வந்தோம். கடைசித் தரம் இரத்தம் சோதித்துவிட்டு, கிட்னியும் கொஞ்சம் களைத்திருக்கிறது, கவனமாக இருங்கள் என்றார்கள். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். "வருத்தக்காரன் எண்டு பாவம் பாத்து அவன் கதைக்கத் தேவல்ல" என்றார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு முழங்கால் நோவு என்பது மட்டும்தான்.

உன் தோல் வருத்தம் சுகமானதை நான் மறக்கவில்லை. கையும் காலும் முதுகும் செதில் செதிலாக உதிர்ந்து, அறையில் உள்ளவர்கள் உன் பாயைத் தள்ளிப் போடச் சொன்னார்கள் என்று நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கே கேரளத்து வைத்தியர் ஒருவரிடம் போனாய். அவர் உன்னைத் தன் கண்ணுக்கு முன்னால் வைத்து, மருந்து நெய்யைக் காலையில் குடிக்கத் தந்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிறகு எண்ணெய் பூசி வியர்க்க வைத்து, கடைசியில் பேதி கொடுத்து வயிற்றைக் கழுவினார். நீ சுகமானாய். அது பொய்யில்லை. உன் கையைப் படம் பிடித்து அனுப்பினாய். நான் அதை உன் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் போனை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "மற்றக் கையும் அனுப்பினவனா?" என்று கேட்டார். அன்று முழுவதும் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

அடுத்த கிழமை நீ எடுத்தபோது, அவருக்கு முழங்கால் வீங்கி நடக்கக் கஷ்டப்படுகிறார் என்றேன். நீ, "அப்பாட்டக் குடுங்கம்மா" என்றாய். நான் போனை நீட்டினேன். இந்தத் தரம் அவர் எழும்பிப் போகவில்லை. போனை இரண்டு கையாலும் வாங்கினார். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது கேட்டது. "ஓம் மனே. ஓம். நீ சொன்னாச் சரி மனே." பிள்ளை இல்லை என்று சொன்ன மனுஷன் ஒவ்வொரு சொல்லுக்கும் மனே, மனே என்றார். நான் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். அழுதது சந்தோஷத்தில்தான். உன்னைச் சுகமாக்கிய அதே நெய் வைத்தியத்தை அவரையும் செய்யச் சொன்னாய் என்று பிறகுதான் அவர் சொன்னார்.

சின்ன வயதில் உனக்குப் பேதி கொடுப்பதற்கு நாங்கள் பட்ட பாடு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட விடுமுறை விட்டால் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் அதற்கென்று இருக்கும். ஆமணக்கெண்ணெயைக் கண்டால் நீ வேலியைப் பாய்ந்து ஓடுவாய். அடித்தும் பார்த்தேன், சீனி தந்தும் பார்த்தேன். ஒருநாள் உன் அப்பா உன்னைப் பிடித்து மடியில் இருத்தி, "நான் முதல் குடிக்கிறன், நீ மறுகா குடி" என்று தன் பங்கைக் கண்ணை மூடிக் குடித்தார். நீ அவர் முகம் கோணுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டாய். அன்று முழுவதும் நீங்கள் இருவரும் மாறி மாறி வளவின் கோடிக்கு ஓடினீர்கள். நான் இரசம் வைத்துச் சோறு கரைத்துக் கொடுத்தேன். உனக்காக அவர் எதையும் விழுங்குவார் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நீ அவரைக் கேட்டாய். அதை நான் இங்கே அழுத்தி எழுதுகிறேன், அறையில் இருக்கிற எல்லாரும் கேட்கட்டும். நீ கேட்காமல் செய்யவில்லை. இரண்டாம் நாள் போனில், நான் பக்கத்தில் நிற்க, "அப்பா, வேற வருத்தம் ஏதும் இரிக்கா? சீனி, பிரஷர்? குளிசை ஏதும் போடுறீங்களா?" என்று கேட்டாய். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கென்ன வருத்தம்? மாட்டுக்குப் பின்னால ஓடுற மனுசனுக்குச் சீனி வருமா?" என்றார். போனை வைத்ததும் நான் சண்டை பிடித்தேன்.

"ஏன் பொய் சொன்னீங்க? அவன் தெரிஞ்சுகொள்ளத்தானே கேக்கான்?"

"சொன்னா வேணாம் எண்டுருவான்."

"எண்டா விடுங்க. இதக் குடிச்சுத்தான் ஆகணுமா?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேணாம் எண்டா அவனுக்கு என்னோட கதைக்க என்ன இரிக்கு?"

அதோடு நான் சண்டையை விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். அதையும் எழுதுகிறேன். அவரைக் கெஞ்சி, ஆயுர்வேத மருந்தகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டொக்டர் உன் வயதுப் பெண்பிள்ளை. நாடி பிடித்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு கொப்பியை மூடி, "ஐயா, உங்கட மகன் சொல்றது நல்ல வைத்தியம்தான். நானும் அதத்தான் படிச்சன். ஆனா உங்களுக்குச் செய்ய ஏலாது" என்றாள். "நெய்ய உள்ளுக்கு எடுத்து மறுகா பேதி குடுக்கிறதெண்டா, அதத் தாங்கிற உடம்பு வேணும். உங்கட கிட்னி அதத் தாங்காது. முழங்காலுக்குப் பூச எண்ணெய் தாறன். அத மட்டும் செய்ங்க." உன் அப்பா தலையை ஆட்டினார். எண்ணெய்ப் போத்தலை வாங்கிக் கும்பிட்டார். மறுநாள் உன் போன் வந்தது. "டொக்டரம்மா பாத்தா மனே. ஓமாம். செய்யட்டாம்" என்றார்.

நான் போனைப் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. நீ சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்தாய். அவரும் சிரித்தார்.

மகனே, அந்தக் காலைகளை உனக்குப் போனின் சின்னக் கண்ணாடிக்குள்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீ டியூட்டிக்குப் போகுமுன் விடியாத நேரத்தில் எழும்பி எடுப்பாய் என்று அவருக்குத் தெரியும். இங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அதற்குள் அவர் குளித்து, முகம் வழித்து, கோயிலுக்குப் போகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். நான் நெய்யை இளஞ்சூடாக உருக்கி, இந்துப்பு ஒரு சிட்டிகை போட்டு, கிளாசில் கொண்டுவந்து வைப்பேன். நீ வந்துவிடுவாய். பசு நெய்தான் வேண்டும் என்று நீ சொல்ல, "எங்கட எருமை நெய்க்கு என்னடா குறை?" என்று அவர் கோபிக்க, "அது பாரம் அப்பா, செமிக்காது" என்று நீ விளக்க, நீங்கள் இருவரும் அதைப் பற்றியே நாலைந்து நாள் வாதாடினீர்கள். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்து, பக்கத்து வளவில் பசு நெய் வாங்கி வந்தார். வாழ்க்கையில் அவர் அடுத்தவர் வீட்டு நெய்யை வாங்கியது அதுதான் முதல் தரம்.

"குடிங்க அப்பா, மூச்சுப் பிடிச்சு ஒரே இழுவையில."

"குடிச்சிட்டன்."

"கிளாசக் காட்டுங்க."

கிளாசைக் கவிழ்த்துக் காட்டுவார். பிறகு சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு உன்னோடு கதைப்பார். "ஏப்பம் வருதா? நெய் மணக்குதா?" என்று நீ கேட்பாய். அவர் வேண்டுமென்றே ஏப்பம் விட்டுக் காட்டுவார். எந்த எருமை கன்று போட்டது, எது சேற்றில் இறங்கி ஏறாமல் கிடந்தது, வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட எப்போது முகத்துவாரம் வெட்டிவிட்டார்கள் என்று அவர் சொல்ல, நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். நீ பிள்ளையாக இருக்கும்போது பெயர் வைத்த எருமையின் பேத்தி இப்போது பட்டியை நடத்துகிறது என்று சொன்ன அன்று, அதைக் காட்டச் சொல்லி நீ பிள்ளை மாதிரி அடம் பிடித்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். போனை வைத்த பிறகு அவருக்குக் குமட்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு படுப்பார். பசி வராது. பொழுது ஏறியும் கஞ்சி இறங்காது. நாளுக்கு நாள் நெய்யின் அளவு கூடக் கூட அவர் முகம் மஞ்சளாகப் பளபளத்தது, கை கால் சோர்ந்தது. "நிப்பாட்டுங்க" என்று ஒருநாள் காலைப் பிடித்தேன். "இன்னம் கொஞ்சநாள்தான்" என்றார். பிறகு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல், "முடிஞ்சா மறுகா என்னத்தச் சொல்லிக் கதைக்கிற?" என்றார்.

பேதி குடிக்கிற நாள் வந்தது. மருந்தை டவுனில் நாட்டுமருந்துக் கடையில் அவரே வாங்கி வந்திருந்தார். அன்று காலை நீ போனில் இருக்கும்போதே குடித்தார். குடிப்பதற்கு முன்பு நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியாமல், குசினிக்குள் கூப்பிட்டு, அவருடைய காலைக் குளிசைகளைக் கையில் கொடுத்து, "இதயாவது போடுங்க" என்று வாய்க்குள் போடவைத்தேன். நெய் குடித்த நாள்களிலும் நான் அதை விடவில்லை. நீ ஒரு பக்கம் கொடுக்க, நான் மற்றப் பக்கம் கொடுத்தேன். என் கையால் கொடுக்கிறதுதான் அவரைக் காப்பாற்றும் என்று நம்பினேன். பிரஷருக்குத் தந்த குளிசைகளில் ஒன்று உடம்பில் உள்ள தண்ணீரை வெளியேற்றுகிற குளிசை. அது எனக்குத் தெரியாது. வயிறு போகிற நாளில் அதைப் போடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

வெயில் ஏறியது. அவர் போவதும் வருவதுமாக இருந்தார். முதலில் சிரித்துக்கொண்டு போனார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். நீ வேலைக்கு நடுவில் எடுத்தாய். "எப்படி அப்பா?" என்றாய். "உடம்பு காத்து மாதிரி இரிக்கு மனே" என்றார். அப்போது அவர் பாயில் கிடந்துதான் பேசினார். உதடு வெடித்திருந்தது. கண்ணாடியில் தன் முகம் தெரியக் கூடாது என்று போனைக் கூரைப் பக்கம் திருப்பிப் பிடித்தார். நீ கஞ்சித் தண்ணி குடிக்கச் சொன்னாய். நான் கொடுத்தேன், எல்லாவற்றையும் வாந்தியெடுத்தார். பின்னேரம் எழுப்பப் போனேன். எழும்பவில்லை. கண் திறந்திருந்தது, என்னை யாரென்று தெரியவில்லை. ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்கு வலையிறவுப் பாலத்தால் போகும்போது அவர் தலை என் மடியில் இருந்தது. தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் அவர்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. சேலைன் ஏற்றினார்கள், இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் போட்டார்கள். ஒரு டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "பேதியால போன தண்ணியும் குளிசையால போன தண்ணியும் சேந்து கிட்னிய நிப்பாட்டிப்போட்டு, அம்மா. முந்தியே பழுதான கிட்னிதானே" என்றார். குற்றம் சொல்கிற குரலில் அவர் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஒரு வசனத்தைத்தான் நான் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னுடைய பேதியும் என்னுடைய குளிசையும். எது கூட, எது குறைய என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது.

நடுவில் ஒருநாள் அவருக்கு நினைவு தெளிந்தது. வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். "போன் வந்ததா?" என்றார். வந்தது என்றேன். "சுகம் எண்டு சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நீ விமான டிக்கட்டுக்கும் லீவுக்கும் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டில் நடந்ததற்கு நான் உன்னிடம் என்ன சொல்ல? உனக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் காட்டச் சொன்னாய். பக்கத்து வீட்டுப் பெண் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்து நீ "அப்பா, அப்பா" என்று கத்தியது முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அப்போதுதான் உன் மாமா, என் கூடப்பிறந்தவன், வந்து போனைப் பறித்தான். அவன் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் அதையாவது ஒரு காரணமாகச் சொல்லியிருப்பேன்.

"என்னத்துக்குடா அழுறாய்? நெய்யப் பருக்கிப் பருக்கிச் சாக்காட்டினவன் நீதானேடா! கண்டறியாத வைத்தியம்! உன்ட கையால கொள்ளி வைக்கவும் குடுத்துவைக்கல்ல, அந்த மனுசனுக்கு!"

நான் எழும்ப முயன்றேன். என்னைச் சுற்றி இருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "அவன் கேட்டவன்டா! அவர்தான் பொய் சொன்னவர்! குளிசை குடுத்தது நான்டா!" என்று கத்த நினைத்தேன். பறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன் மகனே, நான் கத்தினேனா, கத்தியதாக நினைத்தேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. போனின் கண்ணாடி கறுத்துப் போனது. நீ வைத்துவிட்டாய். அன்றிலிருந்து உன் குரலை நான் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அந்த டொக்டர்ப் பிள்ளை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். யார் சொல்லியோ கேள்விப்பட்டிருக்கிறாள். "நான் இன்னம் கடுமையாச் சொல்லியிரிக்கணும் அம்மா" என்று அழுதாள். "அவர் தலைய ஆட்டினாரு. சரியெண்டு நம்பிட்டன்." அவளும் தன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் வந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது உன் சாப்பாட்டுக்கு வருகிறேன். எண்ணெயில்லாமல் அவித்துத் தின்பதால் யாரும் திரும்பி வரப்போவதில்லை. உன் கேரளத்து வைத்தியர் உன்னைக் கண்முன் வைத்துப் பார்த்து, உன் உடம்பு தாங்கும் என்று தெரிந்துகொண்டு தந்தார். அந்த நெய் உன்னைச் சுகப்படுத்தியது. கடலுக்கு அப்பால் இருந்து போனில் பார்க்கும்போது பொய் சொல்கிற முகமும் சிரித்துக்கொண்டுதான் தெரியும். நெய்யில் குற்றமில்லை. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்து, உன் பிள்ளைக்கு யாராவது பேதி கொடுக்கச் சொன்னால், முதலில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அவர் சொல்வதை உன் காதால் கேள். தூரத்தில் இருக்கிற யாருக்கும் எந்த மருந்தும் சொல்லாதே. உன் உடம்பில் ஒரு வருத்தம் வந்தால் அதை யாருக்கும் ஒளிக்காதே, அன்புக்காகவும் ஒளிக்காதே. ஒரு தாயின் புத்திமதி இவ்வளவுதான். எழுதும்போதே இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். எல்லாம் தெரிந்துதான் குடித்தார்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதத்தான் இருந்தேன். அந்த வசனத்தை எழுதி வெட்டிவிட்டேன். சில காலைகளில் கோபம் வருகிறது. உன்மேல் வருவதைவிட அவர்மேல்தான் கூட வருகிறது. அவ்வளவு வருஷமும் உன் குரலைக் கிழமைக்குக் கிழமை வாங்கி, ஒரு சொல் சிந்தாமல் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். கடைசியில் சில நாள்கள் அவருக்கு அது நேரடியாகக் கிடைத்தது. போதும் போதும் என்னும்வரை கேட்டார். போகும்போது எனக்கு மிச்சம் வைக்காமல் கொண்டுபோய்விட்டார். அவருக்குப் பிள்ளை கிடைத்தான். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். தெரிந்தும் நினைக்கிறேன். பட்டியை உன் மாமாதான் பார்க்கிறான். அவன் தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவான். நாங்கள் இருவரும் பேசுவதில்லை. தயிரை அயலில் கொடுத்துவிடுகிறேன்.

வா என்று உன்னைக் கூப்பிட எனக்குத் துணிவில்லை. வந்து, இந்த வீட்டில், அந்தக் கதிரைக்கு முன்னால், நீயும் நானும் என்னத்தைப் பேசுவோம்? வராதே என்று எழுதவும் கை ஓடவில்லை. இதை வாசித்த பிறகு உன் பாரம் குறையும் என்று நான் சொல்லவில்லை. நீ ஒருவன் சுமந்ததை இனி இரண்டு பேர் சுமப்போம், அவ்வளவுதான். அதனால் அது இலேசாகும் என்பதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை.

என் வலக்கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம். பெரிய காரியமில்லை, அன்றைக்கே வீட்டுக்கு விட்டுவிடுவார்களாம். போன செவ்வாய்க்கிழமை அதற்குப் பெயர் பதியப் போனேன். நர்ஸ் மிஸ் ஒருத்தி என் விபரங்களை எழுதிக்கொண்டே, "ஒரு அவசரம் எண்டா ஆருக்கு எடுக்கிற அம்மா?" என்று கேட்டாள். நான் உன் நம்பரைச் சொன்னேன். சரிதானா என்று பார்க்க அவள் தன் போனால் அங்கேயே எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். மணி அடித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அடித்து அடித்து நின்றுபோனது.

"வேற நம்பர் இரிக்கா அம்மா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

அம்மா